தும்மாத மூக்கு

நவம்பர் 9, திங்கள்

இன்றைய தவறு: சோதனைக்கு வைத்த மூக்கு ஒன்றின் மூடியைக் கழற்ற மறந்துவிட்டேன்.

தவறை முதல் வரியிலும் மறுநாள் செய்ய வேண்டியதைக் கடைசி வரியிலும் எழுதுவது, தொழிற்சாலைப் பாதுகாப்பு பற்றிய மாலை வகுப்பில் சேர்ந்ததிலிருந்து நான் வைத்துக்கொண்ட வழக்கம். நடுவில் என்ன வேண்டுமானாலும் எழுதலாம். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. இன்று இருக்கிறது.

மூக்கு என்று நாங்கள் சொல்வது எங்கள் நிறுவனம் செய்யும் கருவியை. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. சட்டைப் பையில் மாட்டிக்கொள்ளலாம். விஷவாயு பட்டால் சிவப்பு விளக்கு எரிந்து அலறும். இல்லாவிட்டால் பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் ஒரு பேராசிரியர் பல வருடம் மல்லுக்கட்டிக் கண்டுபிடித்தது. அதைக் கடையில் விற்கும் பொருளாக மாற்றியது எங்கள் நிறுவனம். நான் அங்கே சோதனை மேசையில் இருக்கிறேன். ஒவ்வொரு மூக்கையும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, கொஞ்சம் வாயுவை உள்ளே விட்டு, அலறுகிறதா என்று பார்ப்பேன். அவ்வளவுதான் என் வேலை.

வெள்ளிக்கிழமை நடுவர்கள் வருகிறார்கள். ஆய்வுக்கூடத்தில் பிறந்ததை மக்கள் கைக்குக் கொண்டுவந்தவர்களுக்கு ஆண்டுதோறும் ஒரு விருது கொடுக்கிறார்கள். அதன் கடைசிச் சுற்றில் எங்கள் மூக்கு நிற்கிறது. நடுவர்களிடம் காட்ட வேண்டிய மூக்குகளைத்தான் இன்று சோதித்தேன். எல்லாம் சிவந்து அலறின. ஒன்று மட்டும் பச்சையாகவே நின்றது. பழுது என்று எழுதி ஒதுக்கி வைத்தேன். சாயங்காலம் மேசையைத் துடைக்கும்போதுதான் கண்ணில் பட்டது: அதன் முகத்தில் நீல ரப்பர் மூடி அப்படியே இருந்தது. பெட்டியில் போட்டு அனுப்பும்போது தூசி படாமலிருக்கப் போடும் மூடி. அதைக் கழற்றிவிட்டு மறுபடி வைத்தேன். காது கிழிய அலறியது. மூக்கு பழுதில்லை, நான்தான் பழுது. 'சரி' என்று திருத்திவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன்.

பாதி வழியில்தான் பயம் வந்தது. முதலில் அது பயம் என்றே தெரியவில்லை; பசி என்று நினைத்தேன். சிக்னலில் பஸ் நின்றிருந்தது. பச்சை விழுந்ததும் எல்லா வண்டிகளும் ஒன்றாகக் கிளம்பின. யாரும் இடது வலது பார்க்கவில்லை. அப்போது தோன்றியது: மூடி போட்டிருந்த மூக்கு எதற்காகப் பச்சையாக எரிந்தது? விஷவாயுவுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு, ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்று அது யாருக்குச் சொல்லிக்கொண்டிருந்தது?

உடனே மாமாவின் சட்டைப் பை நினைவுக்கு வந்தது.

மாமா என்றால் அக்காவின் கணவர். நான் அவர்கள் வீட்டில்தான் தங்கியிருக்கிறேன். தொழிற்சாலைகளின் கழிவுத் தொட்டிகளுக்குள் இறங்கிச் சுத்தம் செய்யும் குழுவில் அவருக்கு வேலை. எங்கள் மூக்கை முதன்முதலாக மாட்டிக்கொண்டு இறங்கியவர்கள் அந்தக் குழுவினர். அன்றைக்கு அக்கா என் கன்னத்தைக் கிள்ளிக்கொண்டே சொன்னாள்: "இத்தனை நாள் கடவுளை நம்பி அனுப்பிச்சேன். இனிமே என் தங்கச்சியை நம்பி அனுப்பறேன்."

ஒருவேளை நான் வீணாகக் கலங்குகிறேனோ என்னவோ. அலுவலகத்தில் எனக்குப் பட்டப்பெயரே 'டவுட்டு'. பூட்டிய கதவை இழுத்துப் பார்த்துவிட்டு, பாதி மாடி இறங்கிய பிறகு மறுபடி ஏறிப்போய் இழுத்துப் பார்க்கிறவள் நான்.

நாளை: மூடியோடு ஒரு மூக்கை வேண்டுமென்றே சோதிக்க வேண்டும். பிறகு மூடிக்குப் பதிலாக ஈரமண்.


நவம்பர் 10, செவ்வாய்

இன்றைய தவறு: மேலாளர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது போய்ப் பேசினேன்.

காலையிலேயே சோதித்துவிட்டேன். மூடி போட்ட மூக்கு: பச்சை. ஈரமண்ணைத் தடிமனாக அப்பிய மூக்கு: பச்சை. விரலால் லேசாகத் தடவியது: கொஞ்ச நேரம் யோசிப்பதுபோல் இருந்துவிட்டு, அதுவும் பச்சை. கடைசியாக, மண் அப்பியதைத் துணியால் நன்றாகத் துடைத்தேன். பார்வைக்குப் பளிச்சென்று இருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தால் அப்போதும் பச்சை. துடைத்த துடைப்பில் மண் உள்ளே போய் மூக்கின் சின்னத் துளைகளை அடைத்துக்கொண்டிருந்தது.

மேலாளரின் அறைக்குப் போனேன். அவர் அப்போதுதான் டப்பாவைத் திறந்திருந்தார்.

"என்ன டவுட்டு, மூக்கு வேர்த்திருச்சா? டப்பாவைத் திறந்த உடனே வந்து நிக்கறே."

"சாப்பாட்டுக்கு வரல சார். நேத்து ஒண்ணை மூடியோட வச்சுட்டேன், பச்சையே எரிஞ்சுது. மூக்குல மண்ணு அடைச்சாலும் பச்சையே எரியுது."

"மூக்கை அடைச்சா எப்படிம்மா மோப்பம் பிடிக்கும்? உன் மூக்கை அடைச்சுக்கிட்டு மோந்து பாரு."

"என் மூக்கு அடைச்சா, அடைச்சிருக்குன்னு எனக்குத் தெரியும் சார். இதுக்குத் தெரியல. நல்லாருக்கேன்னு சொல்லுது."

மென்றுகொண்டிருந்தவர் நிறுத்தினார். பிறகு விழுங்கினார்.

"சுத்தமா வச்சுக்கணும்னு கையேட்டுல போட்டிருக்கோம்ல?"

"கழிவுத் தொட்டிக்குள்ள போயிட்டு எப்படி சார் சுத்தமா வச்சுக்கறது?"

"இதப் பாரு. வெள்ளிக்கிழமை நடுவருங்க வர்றாங்க. அன்னிக்கு மட்டும் இது நல்லபடியா முடிஞ்சா, அப்புறம் நீ சொல்ற அத்தனை குறையையும் உக்காந்து சரி பண்ணலாம். அதுவரைக்கும் இதுல மூக்கை நுழைக்காதே. நுழைச்சா உடைபடப் போறது உன் மூக்கு மட்டும் இல்ல."

அவர் கெட்டவர் இல்லை. எனக்குக் காய்ச்சல் வந்தபோது தன் வண்டியிலேயே கொண்டுபோய் வீட்டில் விட்டவர். நான் வெளியே வரும்போது டப்பாவை மூடப் பார்த்தார். மூடி சரியாக உட்காரவில்லை. நழுவியது, மறுபடி வைத்தார், மறுபடியும் நழுவியது. அதைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் கூடியது. அவர் அதட்டியதில்கூட அவ்வளவு பயப்படவில்லை.

வீட்டில் மாமா குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டிருந்தார். சும்மா கேட்பதுபோலக் கேட்டேன்.

"மாமா, கீழ இறங்கும்போது மூக்குல சேறு படுமா?"

"கேட்டியா இவ கேக்கறதை?" என்று உள்ளே பார்த்துக் கத்தினார். "குளத்துல குதிச்சா நனையுமான்னு கேக்கறா உன் தங்கச்சி. படும்டிம்மா. பட்டா கட்டை விரலால ஒரு இழுப்பு. சுத்தமாயிடும்."

கட்டைவிரலால் சட்டைப் பையைத் துடைத்துக் காட்டினார். எனக்கு அந்த விரலைப் பிடித்து நிறுத்த வேண்டும்போல் இருந்தது.

"மேல நிக்கறவர் கூப்பிட்டுக்கிட்டே இருப்பாரே, இப்பவும் கூப்பிடறாரா?"

"மேலாளா? அவன் எதுக்குக் கூப்பிடறான்? முன்னாடியெல்லாம் 'அண்ணே'ன்னு கத்துவான். நான் 'இருக்கேன்'னு கத்துவேன். அவனுக்கும் தொண்டை போயிடும், எனக்கும் போயிடும். இப்ப என் பச்சை அவன் போன்ல தெரியுது. பாட்டு கேட்டுக்கிட்டு நிக்கறான் பய." மாமா சிரித்தார். "உங்க ஆபீஸ்ல மேலாளர். எங்க வேலைல மேலாள். ரெண்டு பேருமே கீழ இறங்க மாட்டாங்க."

"கயிறு?"

"அது கால்ல சிக்குது. பச்சை இருக்கும்போது கயிறு எதுக்கு?"

அக்கா அவருடைய வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை நடுவர்கள் முன்னால் தொட்டியில் இறங்கிக் காட்டப் பேராசிரியரே மாமாவைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார். சேற்றுக்குள் இறங்குகிறவருக்கு எதற்கு வெள்ளைச் சட்டை என்று நான் கேட்கவில்லை. ஏறி வந்த பிறகு போட்டோ எடுப்பார்களாம்.

நாளை: ஒத்திகைக்குப் பேராசிரியர் வருகிறார். அவரிடம் கேட்க வேண்டும். பயந்து திரும்பி வந்துவிடக் கூடாது.


நவம்பர் 11, புதன்

இன்றைய தவறு: மேலாளரிடம் நேற்று தப்பாகச் சொல்லிவிட்டேன். அது ஏன் தப்பு என்று வகுப்பில்தான் தெரிந்தது. வரிசையாகவே எழுதுகிறேன்.

ஒத்திகைக்காகக் கூடத்தில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார்கள். பேராசிரியர் படியேறி வரும்போதே முன்னால் போய் நின்றேன். அவருடன் நான் அதுவரை 'வணக்கம் மேடம்' தவிர எதுவும் பேசியதில்லை.

"மேடம், மூக்குல மண்ணு அடைச்சா ஏன் பச்சை எரியுது?"

"எரியாதே," என்றார் நடந்துகொண்டே. "தும்மிப் பார்க்கும். தும்மல் தெரியலைன்னா மஞ்சளுக்குப் போயிடும்."

"எங்க மூக்குல மஞ்சளே இல்லையே மேடம்."

நடை நின்றது. என் கையிலிருந்த மூக்கை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சுவரோரமாக என்னை அழைத்துப்போய்ச் சொன்னார்.

ஆய்வுக்கூடத்தில் அவர் செய்த மூக்கில் ஒரு சின்னக் குப்பி இருந்ததாம். அதிலிருந்து ஆபத்தில்லாத ஆவி ஒரு துளி, அடிக்கடி மூக்கின் வெளிப்பக்கத்தில் தானாகப் பீய்ச்சும். அதற்குத் தும்மல் என்று பெயர் வைத்திருந்தார்கள். தன் தும்மலைத் தானே மோந்துவிட்டால் மூக்கு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம், பச்சை எரியும். மோக்க முடியாவிட்டால் மஞ்சள்.

"பொருளா மாத்தும்போது குப்பியை எடுத்துடலாமான்னு கேட்டாங்க. கனமாருக்கு, மாத்திக்கிட்டே இருக்கணும், வாங்கறவங்க மூக்கால அழுவாங்கன்னாங்க. சரின்னேன். தும்மல் போச்சு, அதோட மஞ்சளும் போச்சு. பச்சை மட்டும் நின்னுடுச்சு."

"அப்ப இந்தப் பச்சைக்கு என்ன அர்த்தம் மேடம்?"

அவர் மூக்கை என் கையில் திருப்பி வைத்தார்.

"பேட்டரி இருக்குன்னு அர்த்தம்," என்றார். குரல் மிகவும் இறங்கிவிட்டது. "இதை நான் எத்தனை தடவை கையில எடுத்துப் பார்த்திருப்பேன். பச்சையைப் பார்த்தாலே 'தும்மிடுச்சு, நல்லாருக்கு'ன்னு என் கண்ணு படிச்சுடுது. அத்தனை வருஷப் பழக்கம். தும்மல் இல்லைன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் படிச்சுடுது."

கூடத்திலிருந்து மேலாளர், "மேடம், மைக் ரெடி" என்றார். பேராசிரியர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"வெள்ளிக்கிழமை இறங்கப்போற தொட்டியில முன்கூட்டியே காத்தடிச்சு வாயுவை வெளியேத்தி வச்சிருப்பாங்க. அங்க யாருக்கும் ஒண்ணும் ஆகாது. சனிக்கிழமை வெளிய போன எல்லா மூக்கையும் திரும்ப வாங்கிடலாம். நானே சொல்றேன். சரியாம்மா?"

"சரி மேடம்."

எனக்கு உயிர் போய் உயிர் வந்ததுபோல் இருந்தது. என் சந்தேகம் சரி. அதைச் சரிசெய்யவும் ஒருவர் வந்துவிட்டார். ஆனால் அவர் மேடைக்குப் போன பிறகு என் மணிக்கட்டைப் பார்த்தேன். அவருடைய விரல்களின் தடம் சிவப்பாகப் பதிந்திருந்தது.

மாலை வகுப்பில், தற்செயலாகவோ என்னவோ, கழிவுத் தொட்டி வாயுக்கள்தான் பாடம். ஆசிரியர் சொன்னார்: அழுகிய முட்டை நாற்றம் வரும்வரை தப்பிக்க வழி உண்டு. வாயு அதிகமானால் முதலில் மனிதனின் மூக்கு மரத்துவிடும். நாற்றம் நின்றுவிடும். போய்விட்டது என்று அவன் நிம்மதியாக நினைக்கும் நேரத்தில்தான் விழுவான்.

என் மூக்கு அடைத்தால் எனக்குத் தெரியும் என்று மேலாளரிடம் அத்தனை உறுதியாகச் சொன்னேனே. தெரியாது. மனிதனின் மூக்கும் செத்த பிறகு பச்சையாகத்தான் எரியும்.

வீட்டுக்கு வந்தால் மாமா சீக்கிரமே படுக்கப் போய்க்கொண்டிருந்தார்.

"நாளைக்கு விடியக்காலைலயே கிளம்பணும்," என்றாள் அக்கா. "அந்தத் தொட்டியைச் சுத்தம் பண்ணணுமாம். வர்ற பெரிய மனுஷங்க முன்னாடி நாறக் கூடாதாம்."

"எந்தத் தொட்டி?"

"வெள்ளிக்கிழமை இறங்கிக் காட்டற தொட்டிதான். வேற எது?"

"காத்தடிச்சு விட்டுட்டாங்களா?"

"காத்து மெஷின் வெள்ளிக்கிழமைதான் வருது," என்றார் மாமா. "அது நடுவருங்களுக்கு. நமக்குத்தான் மூக்கு இருக்கே."

வெள்ளிக்கிழமை ஒன்றும் ஆகாது என்று பேராசிரியரும் நானும் நிம்மதிப்பட்டோம். அந்த வெள்ளிக்கிழமையை வெள்ளிக்கிழமையாக்க வியாழக்கிழமை ஒருவர் உள்ளே இறங்க வேண்டும் என்று இருவருக்கும் தோன்றவே இல்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். மண், துணி, தும்மல், பேட்டரி எல்லாம். பயத்தில் குழறிக் குழறிச் சொன்னேன். மாமா கட்டிலில் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப இத்தனை நாளா நான் இறங்கினேனே? நல்லாத்தானே இருக்கேன்?"

"அது தெரியல மாமா. அந்தத் தொட்டியிலெல்லாம் வாயு இல்லாம இருந்திருக்கலாம்."

"நாளைக்கு இருக்கும்னு நிச்சயமா சொல்றியா?"

வாயைத் திறந்தேன். 'ஆமாம்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

"நிச்சயமா தெரியல," என்றேன்.

"நிச்சயமா தெரியலைன்னா எதுக்குடி இந்த நேரத்துல எங்க வயித்துல புளியைக் கரைக்கறே?" என்றாள் அக்கா. அவள் கோபத்தில் பயம்தான் இருந்தது. "நீதானே கொண்டுவந்து மாட்டிவிட்டே?"

பேராசிரியருக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. மேலாளருக்குச் செய்தேன். 'நாளை பேசலாம்' என்று செய்தி வந்தது. கடைசியில் மாமாவிடம் பேரம் பேசினேன். அவர் இறங்கட்டும், ஆனால் இடுப்பில் கயிறு கட்டிக்கொள்ள வேண்டும். நான் கூட வந்து மேலே உட்காருவேன். நான் கூப்பிடும்போதெல்லாம் பதில் சொல்ல வேண்டும்.

"பசங்க சிரிப்பாங்களே," என்றார்.

"சிரிக்கட்டும் மாமா."

"மச்சினிச்சியைக் கூட்டிக்கிட்டு வேலைக்குப் போன முதல் ஆளு நான்தான். சரி, வா."

படுக்கையிலிருந்து பார்த்தால் இந்த வீட்டில் எத்தனை பச்சை விளக்குகள்! போன் சார்ஜர், டிவிக்குக் கீழே ஒன்று, தண்ணீர் மோட்டார் சுவிட்சில் ஒன்று. இதுவரை எண்ணிப் பார்க்கத் தோன்றியதில்லை.

நாளை: கயிற்றின் முடிச்சை நானே போட வேண்டும். இழுத்துப் பார்க்க வேண்டும். மறுபடி இழுத்துப் பார்க்க வேண்டும்.


நவம்பர் 12, வியாழன்

இன்றைய தவறு எது என்று தெரியவில்லை. எந்த நாளில் எழுத வேண்டியது என்றும் தெரியவில்லை.

ஆஸ்பத்திரி நடைபாதையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

தொழிற்சாலையின் பின்பக்கம் தொட்டி. தரையோடு தரையாக ஒரு வட்ட இரும்பு மூடி. அதைச் சுற்றிச் சுவருக்குப் புதிதாக வெள்ளையடித்திருந்தார்கள். நடுவர்களுக்கான நாற்காலிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. நான் மாமாவின் இடுப்பில் முடிச்சுப் போட்டேன். மறுமுனையை இரும்புக் கம்பத்தில் சுற்றிக் கட்டினேன். மேலாள் என்னைவிட ஒன்றிரண்டு வயது மூத்தவர் இருப்பார். காதில் ஒயரோடு நின்றிருந்தார்.

"என்ன அண்ணே, மாட்டைக் கட்டற மாதிரி கட்டுறாங்க?"

"வீட்ல உங்க அண்ணி கட்டி வச்சிருக்கா. வேலைல இவ," என்றார் மாமா. எல்லாரும் சிரித்தார்கள். மாமா ஏணியில் இறங்கினார். சட்டைப் பையில் மூக்கு பச்சையாக எரிந்தது. அப்போது அது பொய் சொல்லவில்லை. அதில் இன்னும் சேறு படவில்லை.

"மாமா!"

"இருக்கேன்!"

வாளி உள்ளே போனது. மண்வெட்டி சேற்றில் இறங்கும் சத்தம் கேட்டது. நாற்றம் மேலே வரை வந்தது.

"மாமா!"

"இருக்கேன்டிம்மா!"

"உங்க அக்காகூட இத்தனை தடவை கூப்பிட மாட்டாங்க," என்றார் மேலாள். ஆனாலும் காதிலிருந்து ஒயரை எடுத்துவிட்டார்.

"மாமா!"

"எங்க போகப்போறேன்? இங்கதான் இருக்கேன்!"

கொஞ்ச நேரம் இப்படியே போனது. கூப்பிட்டுக் கூப்பிட்டு எனக்கே வெட்கமாகிவிட்டது. இரண்டு பேர் வேலையை விட்டுவிட்டு என்னை வேடிக்கை பார்த்தார்கள். நான் நினைத்தது தப்பு, எப்போதும்போல வீண் சந்தேகம், இந்த வருடம் முழுவதும் இதைச் சொல்லியே என்னைக் கிண்டல் செய்யப்போகிறார்கள் என்று தோன்றியது. அது தப்பாகவே இருக்கட்டும் என்றும் வேண்டிக்கொண்டேன்.

"மாமா!"

"இருக்கேன்! இப்பப் பரவால்ல, நாத்தம் போயிடுச்சு!"

மேலே நாற்றம் அப்படியேதான் இருந்தது.

"மாமா, ஏறுங்க! உடனே ஏறுங்க!"

மண்வெட்டிச் சத்தம் நின்றது.

"மாமா!"

ஒன்றும் இல்லை. மேலாள் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். "பச்சைதான் காட்டுது. பாருங்க, பச்சைதான்." சொல்லிக்கொண்டே உள்ளே எட்டிப் பார்த்தார். அவர் முகம் மாறியது. போனைக் கீழே போட்டுவிட்டுச் செருப்பை உதறினார். ஏணியில் கால் வைக்கப்போனார். நான் அவர் சட்டையைப் பின்னாலிருந்து இரண்டு கையாலும் பிடித்தேன்.

"இறங்காதீங்க! நீங்களும் விழுந்துடுவீங்க! கயித்தை இழுங்க!"

இவ்வளவு சத்தமாக நான் என் வாழ்நாளில் கத்தியதில்லை. எல்லாரும் ஓடிவந்து இழுத்தார்கள். கயிறு இரும்பு விளிம்பில் உராய்ந்து உராய்ந்து ஏறியது. முடிச்சு தாங்குமா, சரியாகத்தான் போட்டேனா, கடைசியாக ஒரு முறை இழுத்துப் பார்த்தேனா என்று அந்த நேரத்திலும் மனது கேட்டுக்கொண்டே இருந்தது. முதலில் மாமாவின் தலை தெரிந்தது. கழுத்து ஒரு பக்கமாகத் தொங்கியது. உதடு சாம்பல் நிறம்.

மூச்சு இருந்தது. மிக மெதுவாக இருந்தது.

ஆம்புலன்ஸில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மூக்கு அவருடைய பையிலேயே இருந்தது. அதன் முகத்தில் சேறு, சேற்றின்மேல் கட்டைவிரல் தடம். சேறு ஆபத்து என்று நான் குழறிச் சொன்னதை மட்டும் நினைவில் வைத்துத்தான் அத்தனை ஒழுங்காகத் துடைத்திருப்பாரோ? விளக்கு பச்சையாக எரிந்துகொண்டே வந்தது. என்னால் பார்க்க முடியவில்லை. உள்ளங்கையால் பொத்திக்கொண்டேன். விரலிடுக்கிலும் பச்சை தெரிந்தது.

அக்கா வந்ததும் என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் திட்டவில்லை. பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு சொன்னாள்:

"நிச்சயமா தெரியும்னு சொல்லியிருக்கக் கூடாதாடி? பொய்யாவது சொல்லியிருக்கலாமே."



பிற்பகலில் டாக்டர் வெளியே வந்தார். கொஞ்சம் தாமதமாகியிருந்தாலும் கையை விரித்திருக்க வேண்டியிருக்கும் என்றார். இப்போது மூச்சு சீராகிறது; பிழைத்துக்கொள்வார்; ஆனாலும் விடியும்வரை பக்கத்திலேயே வைத்துப் பார்க்க வேண்டும்.

மேலாளரும் பேராசிரியரும் வந்தார்கள். மேலாளர் என் முகத்தைப் பார்க்கவில்லை. சன்னலோரம் போய் நின்று, மூக்கு வாங்கிய ஒவ்வொரு குழுவுக்கும் போன் செய்யத் தொடங்கினார். "கழட்டி வச்சுடுங்க. ஆமா, இப்பவே. கீழ ஆளு இருந்தா முதல்ல மேல ஏத்துங்க. பச்சை எரிஞ்சாலும்தான். பச்சையை நம்பாதீங்க." ஒரு குழு போனை எடுக்கவில்லை. அவர் மறுபடி மறுபடி அதே எண்ணை அழுத்தினார். காதில் போனை வைத்தபடி சுவரில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டார். எடுத்ததும், "இருக்கீங்களா?" என்றார். முதலில் அதைத்தான் கேட்டார்.

பேராசிரியர் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சனிக்கிழமைன்னு சொன்னேன்," என்றார்.

"நானும் சரின்னுதான் சொன்னேன் மேடம்."

"உனக்குச் சரின்னு சொல்றதைத் தவிர வேற வழி இல்ல. எனக்கு இருந்துச்சு." கைகளைத் தேய்த்துக்கொண்டார். "நாளைக்கு நடுவருங்க வருவாங்க. தொட்டி வேண்டாம்னு சொல்லிட்டேன். ஆபீசுக்கு மட்டும் வரட்டும். கண்ணாடிப் பெட்டியைக் காட்டறேன். திங்கக்கிழமை நீ ஒரு மூக்கை மூடியோட வச்சியாமே. அதை அவங்க முன்னாடி செய்வியா?"

"தப்பா செஞ்சதையா மேடம்?"

"அதையேதான். அவங்க பச்சையைப் பார்க்கட்டும். எதுக்கு எரியுதுன்னு அப்புறம் நான் சொல்றேன்."

"அப்ப விருது?" என்றார் மேலாளர் சன்னலிலிருந்து. கேட்ட பிறகு, கேட்டிருக்க வேண்டாம் என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும். திரும்பி அடுத்த எண்ணை அழுத்தினார்.

எனக்கு நடுவர்கள் முன்னால் நிற்பதை நினைத்தால் இப்போதே உள்ளங்கை வேர்க்கிறது. அவர்கள் ஒன்று கேட்டு நான் ஒன்று உளறுவேன். வாயுவைத் திறக்க மறப்பேன். முக்கியமாக, பழக்கதோஷத்தில் மூடியைக் கழற்றிவிடுவேன். மூக்கு நன்றாக அலறும். எல்லாரும் கை தட்டிவிடுவார்கள். இந்தக் கடைசிப் பயம்தான் பெரிதாக இருக்கிறது.

சற்றுமுன் உள்ளே போய்ப் பார்க்க விட்டார்கள். மாமாவின் முகத்தில் ஆக்சிஜன் முகமூடி. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு மெஷின். அதிலும் ஒரு பச்சை விளக்கு. நான் அதைப் பார்க்கவில்லை. முகமூடியின் உள்பக்கத்தில் ஆவி படிவதையும் மறைவதையும் பார்த்துக்கொண்டிருந்தேன். படிந்தது, மறைந்தது, படிந்தது.

"மாமா," என்றேன் மெதுவாக.

கண் திறக்கவில்லை. ஆனால் போர்வைமேல் கிடந்த கட்டைவிரல் ஒரு முறை உயர்ந்து இறங்கியது. அக்காவும் பார்த்தாள். பிறகுதான் அவள் அழுதாள்.

நாளை: விடிந்ததும் மாமாவைக் கூப்பிட்டுப் பார்க்க வேண்டும். பதில் வந்த பிறகு அலுவலகம் போய், மேசையிலிருந்து ஒரு மூக்கை எடுத்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க வேண்டும். நீல மூடியைக் கழற்றக் கூடாது.